பவர் ரூல்ஸ்: மனப்பாடமா, விரிச்சு எழுதறதா, பேட்டர்னா?

பசங்களுக்கு அடுக்கு விதி சொல்லித்தர பொதுவா மூணு வழி இருக்கு. ஃபார்முலாவ அப்படியே மனப்பாடம் பண்ண வைக்கறது, கணக்க விரிச்சு எழுத வைக்கறது, பேட்டர்ன் போட்டு காட்டறது. எது ஈஸிங்கறத விட எது எந்த தப்ப தடுக்குதுன்னு பாக்கணும்.

ஸ்பீடுன்னா மனப்பாடம்தான், அத மறுக்க முடியாது. ஆனா "பெருக்கினா பவர கூட்டு"ன்னு மட்டும் மண்டைல ஏத்திக்கிட்டவன் 2³ × 2⁴ பாத்ததும் அடிமானத்தையும் (பவருக்கு கீழ இருக்கற 2) சேத்து பெருக்கி 4⁷ன்னு போடுவான், சரியான விடை 2⁷, அதாவது 128, இவன் எழுதினது 16384! இன்னொருத்தன் பவரையும் பெருக்கி 2¹²ம்பான். நடுவுல பிளஸ் இருந்தாலும் அதே 2⁷தான் எழுதுவாங்க, 8ம் 16ம் சேந்தா 24தானேன்னு தோணவே தோணாது.

விரிச்சு எழுதறது போர், இடமும் பிடிக்கும், ஆனா இந்த தப்பு எதுவும் அதுல வராது. மூணு 2, அப்புறம் நாலு 2, எண்ணினா ஏழு, 4ங்கற அடிமானம் எங்கேர்ந்து வரும்? (3 + 4)² கூட 7 × 7ன்னு எழுதிட்டா 49 கண்ணுல பட்டுடும், 9 + 16ன்னு 25 போட மாட்டான். −3²க்கும் (−3)²க்கும் வித்தியாசமும் இதுலதான் புரியும், முதல்ல வர்றது −9, ரெண்டாவது 9. (இதுக்கு பசங்கள மட்டும் திட்டாதீங்க, பிராக்கெட் இல்லாம போட்டா எக்செல்லே 9ன்னுதான் காட்டும், பைத்தான் −9ங்கும்.)

ஆனா 5⁰ வந்தா விரிக்கறது படுத்துடும். அஞ்ச சைபர் தடவ எப்படி எழுதறது, பையன் 0ன்னு போட்டுடுவான். 2⁻³க்கு −8, இல்ல −6. இங்க பேட்டர்ன்தான் ஜெயிக்கும்: 2³, 2², 2¹ன்னு இறங்கினா 8, 4, 2, ஒவ்வொரு படிக்கும் பாதி, அப்போ அடுத்து வர்ற 2⁰ 1 (5⁰ம் இப்படித்தான் 1), அதுக்கு கீழ ½, ¼, ⅛. மைனஸ் விடை எங்கயுமே வரல பாருங்க.

என் ஓட்டு: முதல்ல விரிப்பு, சைபரும் மைனஸும் வந்ததும் பேட்டர்ன், ஃபார்முலா கடைசில. எந்த வழில போனாலும் விடைய செக் பண்ண 2² மட்டும் எடுக்காதீங்க, (2²)²க்கு பவர கூட்டினாலும் 4, பெருக்கினாலும் 4, தப்பு பண்ணவனும் பாஸ் ஆயிடுவான். (3²)³ குடுங்க, பெருக்கினவனுக்கு 729 வரும், கூட்டினவனுக்கு 243.