புல்வெட்டும் மோவர் டயர் பஞ்சர்: பிளக், சீலன்ட், டியூப் மூன்றும் போட்டுப் பார்த்ததில்

ஒஹாயோவில் எங்கள் வீட்டுப் புல்தரை ஏறக்குறைய ஒரு ஏக்கர். உட்கார்ந்து ஓட்டும் மோவர் இல்லாமல் கோடையைத் தள்ள முடியாது. எஞ்சின் பல வருடமாக நன்றாகவே உழைக்கிறது, தொல்லை எல்லாம் டயரில்தான். பக்கத்துக் காலிமனையிலிருந்து பரவும் கேலரி பேர் (Callery pear) என்ற பேரிக்காய் இன மரம் வசந்தத்தில் வெள்ளையாகப் பூத்துக் குலுங்கும். தானாக முளைக்கும் கன்றுகளில் முள் ஆணி மாதிரி இருக்கும். 2023 ஜனவரி முதல் இந்த மாநிலத்தில் அதை விற்கவும் நடவும் தடை. ஏற்கெனவே முளைத்து நிற்பதற்கு அந்தத் தடை தெரியாதே!

காற்று இறங்குவது முதலில் புல்லில்தான் தெரியும். ஒரு பக்கம் டெக் (பிளேடை மூடியிருக்கும் அடித்தட்டு) தாழ்ந்து, வெட்டு சாய்வாக விழும். பிளேடைக் குறை சொல்லும் முன் காற்றைப் பாருங்கள். என் வண்டியில் முன்னால் 14 பிஎஸ்ஐ, பின்னால் 10. கார் டயருக்கு 30க்கு மேல் அடித்துப் பழகியவர்களுக்கு இது ரொம்பக் குறைவாகத் தோன்றும், ஆனால் அவ்வளவுதான். குறைந்த அழுத்தம் காட்டும் கேஜ் ஒன்று தனியாக வாங்கிக்கொள்வது நல்லது.

பின் டயரின் நடுப்பகுதியில் முள் ஏறினால் கயிறு பிளக்தான் என் முதல் தேர்வு. சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம். முள்ளைப் பிடுங்கி, ரீமரால் (அரம் போன்ற கூர்க்கருவி) ஓட்டையைச் சுரண்டி, பசை தடவிய கயிறைச் செருகி, வெளியே நீட்டுவதை வெட்டிவிட்டால் முடிந்தது. அப்படிப் போட்டவை இன்னும் நிற்கின்றன. பக்கச்சுவரில் மட்டும் வேண்டாம். அந்த இடம் ஓடும்போது நெளிந்துகொண்டே இருப்பதால் பிளக் தங்காது.

முன் டயர்களுக்கு (15×6.00-6) பச்சை நிற சீலன்ட், அதாவது ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கும் திரவம், ஊற்றினேன். வால்வின் உள்ளூசியைக் கழற்றி, ஊற்றி, காற்றடித்து, உடனே வண்டியை ஓட்ட வேண்டும். அப்போதுதான் திரவம் உள்ளே சுற்றிலும் பரவும். சின்னச் சின்ன முள் ஓட்டைகளுக்கு இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. அடுத்த முள் ஏறினாலும் அதுவே அடைத்துக்கொள்கிறது. ஆனால் காலம் போகப்போகக் காய்ந்துவிடும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். காற்றளவு பார்க்கும்போது வால்வு வழியே பச்சைச் சளி தெறிக்கும், சில சமயம் வால்வையே அடைக்கும். சக்கரத்தைச் சுற்றி வால்வை மேலே கொண்டுவந்து அளந்தால் தொல்லை குறைவு. இன்னொன்று, சீலன்ட் ஊற்றிய டயரில் பிறகு ஒட்டு எதுவும் சரியாகப் பிடிக்காது. பிளக் போடுவதானால் முதலில் அதைப் போட்டுவிடுங்கள்.

ஒரு பின்சக்கரத்தில் ரிம் துருப்பிடித்து, டயர் விளிம்பு வழியே காற்று கசிந்தது. சோப்புத் தண்ணீர் தெளித்ததும் வரிசையாகக் குமிழி. இதற்கு டியூப் போடுவதே சரி. ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி, பிரேக் போட்டு, சமதளத்தில் ஜாக்கி வைத்த பிறகே வேலையைத் தொடங்கினேன். சக்கர மூடியைத் திறந்தால் உள்ளே சக்கரத்தை அச்சில் பிடித்து வைக்கும் ஒரு ஈ-கிளிப், அதன்பின் வாஷர்கள். கிளிப் தெறித்துப் பறக்கும், கண்ணாடி போடாமல் தொடாதீர்கள். என் வண்டியில் பின் அச்சில் ஒரு குட்டிச் சதுரச் சாவியும் (அச்சையும் சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டும் இரும்புத் துண்டு) இருக்கிறது. அது புல்லில் விழுந்து தொலைந்தால் அச்சு சுற்றும், சக்கரம் சுற்றாது.

உண்மையான மல்லுக்கட்டு, டயர் விளிம்பை ரிம்மிலிருந்து பிரிப்பதுதான். சோப்புத் தண்ணீர் ஊற்றி, பெரிய சி-கிளாம்ப் வைத்து இறுக்கி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி இறக்கினேன். அப்புறம் டயரின் உட்புறத்தைத் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். உள்ளே ஒடிந்து நிற்கும் முள்முனை ஒன்று போதும், புது டியூப் அன்றைக்கே போய்விடும். டியூபை லேசாகக் காற்றடித்து வைத்தால் லீவரில் மாட்டிக் கிழியாது.

முள் பகுதியில் டியூப் சீலன்ட்டை விடப் பலவீனம், அதனால் அந்த டியூபுக்குள்ளும் கொஞ்சம் சீலன்ட் விட்டிருக்கிறேன். ஊருக்குப் போயிருந்தால் பஞ்சர் கடைக்காரர் தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்த்து நொடியில் ஒட்டித் தந்திருப்பார். இங்கே கடைக்குக் கொண்டுபோனால், கூலியே புது டயர் விலைக்குப் பக்கத்தில் வருகிறது.

காற்றே வேண்டாத கெட்டிச் சக்கரம் முன்பக்கம் போடலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். அவருடைய மோவரை ஓட்டிப் பார்த்தேன். பஞ்சர் கவலை இல்லை என்பது உண்மை, ஆனால் மேடுபள்ளத்தில் ஒவ்வொரு குலுக்கலும் நேராக முதுகுக்கு வந்தது. இப்போதைக்கு சீலன்ட்டே போதும்.