டெல்டா விமானிகளின் 2023 ஒப்பந்தம்: 34 சதவீதத்தைத் தாண்டிப் படித்தால்

அமெரிக்காவின் டெல்டா ஏர்லைன்ஸ் விமானிகளின் ஒப்பந்தம் 2023 மார்ச் 1 அன்று 78 சதவீத வாக்குகளுடன் நிறைவேறியது. சுமார் 15,000 விமானிகள், 700 கோடி டாலருக்கு மேல் மதிப்பு, 34 சதவீத ஊதிய உயர்வு என்று செய்திகள் வந்தன, அத்தோடு விட்டுவிட்டார்கள். ஒரு பொருளைப் பிரித்துப் பார்ப்பதுபோல இந்த ஒப்பந்தத்தைப் பார்த்தால், 34 என்ற எண் வெறும் மேல் உறைதான். விமானிக்கு மணிக் கணக்கில் சம்பளம். மணிக்கு எவ்வளவு என்பது முக்கியம்தான். ஆனால் எதையெல்லாம் மணியாக எண்ணுகிறார்கள் என்பதில்தான் உண்மையான காசு இருக்கிறது.

முதலில் அந்த 34-ஐ முடித்துவிடலாம். கையெழுத்தான அன்று 18 சதவீதம், 2024-இல் 5, 2025-இல் 4, 2026-இல் 4. கூட்டினால் 31தான் வரும். ஒன்றின் மேல் ஒன்றாகப் பெருக்கினால் 34. இதோடு பழைய பாக்கியாக ஒரு மொத்தத் தொகை: 2020 வருமானத்தில் 4 சதவீதம், 2021-இல் 4, 2022-இல் 14. ஒப்பந்தத்தின் பலவீனமான இடம் இதுதான். அமெரிக்காவில் 2021-இல் விலைவாசி 7 சதவீதம் ஏறியது, அந்த ஆண்டுக்கு 4 கொடுத்தார்கள். 2020-இல் கொரோனாவால் விமானப் போக்குவரத்தே சரிந்துபோயிருந்தது, அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் 2021-க்கான கணக்கு விமானிகளுக்கு நஷ்டம்தான்.

இந்தப் பாக்கி ஏன் வருகிறது என்று தெரிந்தால்தான் அமெரிக்கப் பேச்சுவார்த்தைகள் புரியும். அங்கே விமான நிறுவனங்கள் 1926-ஆம் ஆண்டின் ரயில்வே தொழிலாளர் சட்டத்துக்குள் வருகின்றன. 1936-இல் இவற்றையும் அதில் சேர்த்தார்கள். அந்தச் சட்டப்படி ஒப்பந்தம் காலாவதி ஆவதில்லை, திருத்தத் தக்கதாக மட்டுமே ஆகும். புதியது வரும்வரை பழைய சம்பளம், பழைய விதிகள் அப்படியே ஓடும். டெல்டாவின் முந்தைய ஒப்பந்தம் 2019 டிசம்பர் 31 அன்றே அந்த நிலையைத் தொட்டுவிட்டது. அதன் பிறகு மூன்று ஆண்டுக்கு மேல் பழைய விகிதத்தில்தான் பறந்தார்கள். இழுத்தடித்தால் நிறுவனத்துக்கு லாபம், அதனால் இழுக்கும். பாக்கித் தொகை கொடுத்தே ஆக வேண்டும் என்ற நிலை இருந்தால்தான் அந்த லாபம் குறையும்.

வேலைநிறுத்தமும் நினைத்தவுடன் செய்யக்கூடியதல்ல. தேசிய மத்தியஸ்த வாரியம் பேச்சு முறிந்ததென்று அறிவித்து இரு தரப்பையும் விடுவிக்க வேண்டும். பிறகு 30 நாள் ஆறப்போடும் காலம். அதுவும் முடிந்தபின் அதிபர் தலையிட்டு அவசரக் குழு அமைத்தால் மறுபடியும் தள்ளிப்போகும். 1997 பிப்ரவரியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் வேலைநிறுத்தம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே அதிபர் கிளின்டன் அதை நிறுத்திவிட்டார். ஆகவே 2022 அக்டோபரில் டெல்டா விமானிகள் 99 சதவீதம் பேர் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாக வாக்களித்தபோது, மறுநாளே விமானங்கள் நின்றுவிடும் என்று யாரும் நினைக்கவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்குக் காட்டும் பலம் அது. டிசம்பரில் கொள்கை அளவில் உடன்பாடு வந்தது.

சரி, உறையைப் பிரிப்போம். விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்ந்ததிலிருந்து, போய்ச் சேர்ந்து நிற்கும் வரையிலான நேரத்தைத்தான் பிளாக் நேரம் என்பார்கள். அதற்கு மட்டும் காசு என்றால், விமான நிலையத்தில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருப்பதும், வேற்றூர் ஹோட்டலில் இருபது மணி நேரம் கிடப்பதும் இலவச உழைப்பு. அதைத் தடுக்கத்தான் 'ரிக்' எனப்படும் கணக்குகள். டெல்டாவில் மூன்று உண்டு. பணியில் இருக்கும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு மணிச் சம்பளம். வீட்டுத் தளத்தை (விமானியின் பயணம் தொடங்கி முடியும் விமான நிலையம்) விட்டு வெளியே இருக்கும் மூன்றரை மணி நேரத்துக்கு ஒரு மணி. எப்படி இருந்தாலும் நாளொன்றுக்குச் சராசரியாக 5 மணி 15 நிமிடம் உத்தரவாதம். இவற்றில் எது அதிகமோ அது சம்பளம்.

நான்கு நாள் பயணம் ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். முதல் நாள் மாலை 3 மணிக்கு வேலைக்கு வருகிறார். 3 மணி 50 நிமிடம் (3:50) பறக்கிறார், பணி 7 மணி நேரம். இரண்டாம் நாள் இரண்டு விமானங்கள், நடுவில் நீண்ட காத்திருப்பு. பறந்தது 4:20, பணி 10 மணி நேரம். மூன்றாம் நாள் ஒரே விமானம், 2:10. நான்காம் நாள் 5:30 பறந்து இரவு 8 மணிக்கு வீட்டுத் தளத்தில் விடுவிப்பு. பிளாக் நேரம் மொத்தம் 15:50. இரண்டாம் நாளின் பத்து மணி நேரப் பணிக்கு 5:00 என்று எடுத்தால் கூட்டுத்தொகை 16:30 ஆகிறது. நாள் உத்தரவாதப்படி நான்கு நாளுக்கு 21:00. வெளியே இருந்தது 77 மணி நேரம், அதை 3.5-ஆல் வகுத்தால் 22:00. ஆக, அவருக்கு 22 மணிச் சம்பளம். பறந்ததைவிட 6 மணி 10 நிமிடம் அதிகம்.

இதில் இன்னொரு பலனும் இருக்கிறது. சும்மா உட்காரவைத்தாலும் காசு போகும் என்று தெரிந்தால் ரோஸ்டர், அதாவது பணி அட்டவணை, போடும் கணினியே காத்திருப்பைக் குறைத்துப் பயணத்தைக் கட்டும். சோர்வு விதிகள் எழுதிச் சாதிப்பதில் பாதியை இந்தக் கணக்கு சத்தமில்லாமல் சாதித்துவிடுகிறது. இந்த ஒப்பந்தத்தில் எங்கள் பார்வையில் முழு மதிப்பெண் இதற்குத்தான்.

அடுத்து 'கிரீன் ஸ்லிப்'. ஆள் இல்லாமல் தொங்கும் பயணத்தை, ஓய்வு நாளில் இருக்கும் விமானி எடுத்துக்கொண்டால் இரட்டைச் சம்பளம். நிறுவனம் ஆள் பற்றாக்குறையாக ஓடினால் அதற்கே செலவு ஏறும் என்பது விமானிகளுக்குச் சாதகம். ஆனால் இது நிரந்தர வருமானம் அல்ல. இதை நம்பி வீட்டுக் கடன் தவணையைக் கணக்குப் போட்டவர்கள், புதிய ஆட்கள் வந்து பயணங்கள் நிரம்பிய பிறகு திண்டாடுவார்கள். விமானிகள் சங்கத்துக்கும் இதில் சங்கடம் உண்டு: ஆள் போதவில்லை என்று மேசையில் முழங்கும்போதே, அந்தப் பற்றாக்குறையால் நன்றாகச் சம்பாதிக்கும் உறுப்பினர்களும் அதே அறையில் இருக்கிறார்கள்.

போட்டி நிறுவனங்களான அமெரிக்கன், யுனைடெட் விமானிகளின் சம்பள விகிதம் ஏறினால் டெல்டாவின் விகிதம் அதைவிட 1 சதவீதம் மேலே இருக்க வேண்டும் என்ற பிரிவு சாமர்த்தியமானது. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கனும் செப்டம்பரில் யுனைடெட்டும் ஒப்பந்தம் முடித்தன. சவுத்வெஸ்ட் 2024 ஜனவரியில், 93 சதவீத ஆதரவுடன். ஒருவர் வாங்கியதை அடுத்தவர் படிக்கட்டாக்கிக்கொள்வது அங்கே பழைய வழக்கம். டெல்டாக்காரர்கள் அந்தப் படிக்கட்டைத் தங்கள் ஒப்பந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொண்டார்கள்.

சிறு விமானங்களைத் துணை நிறுவனங்களுக்குக் கொடுப்பதற்கு உள்ள எல்லையை 'ஸ்கோப்' என்பார்கள்: 76 இருக்கை, 86,000 பவுண்டு எடை. அது அப்படியே நிற்கிறது, அதுவே போதும்.

இவ்வளவு நுணுக்கமாக ஏன் சண்டை போடுகிறார்கள் என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். விமானி வேலை சீனியாரிட்டி பட்டியலில் ஓடுவது. எந்த விமானம், எந்தத் தளம், தீபாவளிக்கு வீட்டில் இருப்பாரா என்பதெல்லாம் பட்டியலில் அவருக்கு என்ன எண் என்பதைப் பொறுத்தது. இருபது ஆண்டு கேப்டன் வேறு நிறுவனத்துக்குப் போனால் அங்கே கடைசி ஆள். சம்பளமும் முதலாம் ஆண்டுச் சம்பளம். அதனால் பிடிக்கவில்லையென்றால் மாறிக்கொள்ளலாம் என்ற பேச்சு இங்கே எடுபடாது. இருக்கும் ஒப்பந்தத்தைத்தான் சீர்படுத்த வேண்டும்.

ஓய்வு விதிகளைப் பொறுத்தவரை ஒப்பந்தம் தரையிலிருந்து தொடங்கவில்லை. 2009-இல் கோல்கன் ஏர் 3407 விமானம் பஃபலோ அருகே விழுந்து 50 பேர் இறந்ததைத் தொடர்ந்து, 2014 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த 'பகுதி 117' என்ற அமெரிக்க அரசின் பணிநேர விதிகள் அடித்தளமாக இருக்கின்றன: பணிக்கு முன் 10 மணி நேர ஓய்வு, அதில் 8 மணி நேரம் தூங்க வாய்ப்பு, 168 மணி நேரத்துக்குள் தொடர்ச்சியாக 30 மணி நேரம் விடுப்பு. ஒப்பந்தம் அதற்கு மேல் கட்டப்படுவது. குறை எங்கே என்றால் ரிசர்வ் பணியில். அழைத்தால் வரவேண்டும் என்று ஒரு நாளில் 14 மணி நேரம்வரை ஒருவரைக் காத்திருக்கவைக்கச் சட்டம் இடம் தருகிறது. தளத்திலிருந்து வேறு ஊரில் குடியிருக்கும் இளைய விமானிக்கு இது நரகம்: அழைப்பு வராத நாளுக்கும் தளத்தில் அறை எடுத்து, சொந்தக் காசில் தங்க வேண்டும். 34 சதவீதத்தில் ஒரு பகுதி அந்த வாடகைக்கே போகும்.

இந்தியாவில் சேரப்போகிறவர்கள் இதை எதற்குப் படிக்க வேண்டும்? 2023 ஏப்ரலில் ஏர் இந்தியா கொடுத்த புதிய சம்பளத் திட்டத்திலும், 2024-இல் விஸ்தாரா நிறுவனம் தன் விமானிகளுக்குக் கொடுத்த திட்டத்திலும் மாதத்துக்கு உத்தரவாதம் 40 மணி நேரம். அதற்கு முன் இருந்தது 70. மாதம் 75 மணி நேரம் பறப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. இன்ஜின் கோளாறால் விமானங்கள் தரையில் நின்று 45 மணி நேரமே கிடைத்த மாதத்தில், முன்பு 70-க்குச் சம்பளம் வந்தது, புதிய திட்டத்தில் 45-க்கு. விமானி செய்யாத தவறின் செலவு விமானி தலையில். மேலே சொன்ன ரிக் போன்ற எதுவும் இல்லாத இடத்தில் இந்த உத்தரவாத மணிதான் ஒரே காப்பு, அதைத்தான் குறைத்தார்கள். 2024 ஏப்ரல் தொடக்கத்தில் விஸ்தாராவில் பலர் உடல்நலமில்லை என்று விடுப்பு எடுக்க, விமானங்கள் ரத்தாகி, நாளுக்கு 25 முதல் 30 வரை குறைத்துக்கொள்ள வேண்டி வந்தது.

இந்தியாவில் ரோஸ்டர் பற்றிய சண்டை பேச்சுவார்த்தை மேசைக்கு வருவதே அபூர்வம். விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் விதிகளே அடித்தளம், கூரையும் அவைதான். 2024 ஜனவரியில் திருத்திய பணிநேர விதிகள் வார ஓய்வை 36-இலிருந்து 48 மணி நேரமாக்கின. இரவு என்பதை நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை நீட்டின. இரவில் தரையிறக்கத்தை 6-இலிருந்து 2-ஆகக் குறைத்தன. இது நடைமுறைக்கு வரவே விமானிகள் டெல்லி உயர்நீதிமன்றத்தில் நிற்க வேண்டியிருந்தது. 2025 ஜூலையில் ஒரு பகுதியும் நவம்பர் 1-இல் மீதியும் வந்தன. அடுத்த மாதமே இண்டிகோவில் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின, சில விதிகளிலிருந்து அதற்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்கும் கிடைத்தது. ஏறத்தாழ இரண்டு ஆண்டு அவகாசம் இருந்தும் ஆள் சேர்க்காததற்கு அபராத வட்டி மாதிரி ஒரு செலவு நிறுவனத்தின் கணக்கில் முன்பே ஏறியிருந்தால், அந்த டிசம்பர் இப்படி இருந்திருக்காது என்பது எங்கள் கருத்து. ரிக்கும் இரட்டைச் சம்பளமும் செய்வது அதைத்தான்.

ஆகவே ஆஃபர் லெட்டர் கைக்கு வந்தால் மாதத் தொகையைக் கடைசியில் பாருங்கள். உத்தரவாத மணி எத்தனை, பயிற்சி மாதத்திலும் விடுப்பு மாதத்திலும் அது முழுதாகக் கிடைக்குமா, பயணியாக வேறு ஊருக்கு அனுப்பும் நேரம் எண்ணப்படுமா, ஸ்டாண்ட்பையில் (அழைப்புக்குக் காத்திருக்கும் பணியில்) அழைப்பு வராவிட்டால் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். மனிதவளப் பிரிவு வாய்வார்த்தையாகச் சொல்வது ரோஸ்டர் பிரிவுக்குத் தெரியாது. டைப் ரேட்டிங் பாண்ட் (குறிப்பிட்ட விமான வகைக்கான பயிற்சிக்கு ஈடாக இத்தனை ஆண்டு வேலை செய்வதாக எழுதித் தருவது) எத்தனை ஆண்டு, இடையில் சம்பளத் திட்டத்தை நிறுவனம் ஒருதலையாக மாற்றினால் பாண்ட் என்ன ஆகும் என்பதையும் கேளுங்கள். ஏனென்றால் டி.ஜி.சி.ஏ.வின் 2017 விதிப்படி வேலையை விட்டு விலக கேப்டன் 12 மாதமும் ஃபர்ஸ்ட் ஆபீசர் (துணை விமானி) 6 மாதமும் முன்னறிவிப்பு தர வேண்டும். திட்டம் மாறிய பிறகு வெளியே போக முடிவெடுத்தாலும், அந்த மாதங்களில் புதிய கணக்கில்தான் பறக்க வேண்டியிருக்கும்.