சீக்கோ ஐந்தா, சிட்டிசன் எக்கோ டிரைவா?

ஜப்பான் வாட்ச் என்றாலே பலர் வாயில் முதலில் வருவது சீக்கோதான். அதற்கான தகுதியும் அதற்கு உண்டு. 1881-இல் ஹத்தோரி கின்தாரோ டோக்கியோவில் ஆரம்பித்த கடை, 1913-இல் ஜப்பானின் முதல் கைக்கடிகாரமான லாரலைச் செய்தது. 1923 நிலநடுக்கத்தில் தொழிற்சாலையே அழிந்தும், அடுத்த வருடமே டயலில் சீக்கோ என்ற பெயரோடு வாட்ச் வந்துவிட்டது. அப்புறம் 1969 கிறிஸ்துமஸ் அன்று வெளியான குவார்ட்ஸ் அஸ்ட்ரான், அதாவது பேட்டரியிலும் குவார்ட்ஸ் படிகத்தின் துடிப்பிலும் ஓடும் முதல் கைக்கடிகாரம்: மாதத்துக்கு 5 நொடிதான் முன்பின் ஆகும், விலை 4,50,000 யென், அன்றைக்கு அந்தப் பணத்தில் கார் வாங்கலாம். அதற்குப் பிறகு குவார்ட்ஸ் வாட்சுகளோடு போட்டி போட முடியாமல் சுவிஸ் கம்பெனிகள் பட்ட பாடு ஊரறிந்தது.

சிட்டிசன் இவ்வளவு சத்தம் போடாத கம்பெனி. ஆனால் 1970-இல் உலகின் முதல் டைட்டானியம் வாட்ச், 1976-இல் வெளிச்சத்தில் ஓடுகிற முதல் முள் வாட்ச் இரண்டும் அவர்களுடையதுதான். நம் அப்பா, தாத்தா சாவி கொடுத்துக் கட்டிய எச்எம்டியும் 1961-இல் பெங்களூருவில் சிட்டிசனின் தொழில்நுட்ப உதவியோடுதான் தொடங்கியது.

சரி, இன்றைக்கு எதை வாங்குவது? சீக்கோ 5 ஸ்போர்ட்ஸில் இருப்பது 4ஆர்36 என்ற ஆட்டோமேட்டிக் இயந்திரம், பேட்டரி கிடையாது, கை அசைவில் உள்ளே ஒரு எடைத்தகடு சுழன்று தானே சாவி ஏறும். பின்பக்கக் கண்ணாடி வழியாக அது சுழல்வதைப் பார்க்கலாம், நொடி முள் டக் டக் என்று குதிக்காமல் வழுக்கிக்கொண்டே போகும், அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கலாம் போலிருக்கும். ஆனால் ஒரு நாளைக்கு 45 நொடி வேகமாகவோ 35 நொடி மெதுவாகவோ ஓடலாம் என்று கம்பெனியே சொல்கிறது. கழற்றி வைத்தால் 41 மணி நேரம்தான் ஓடும், வெள்ளி இரவு கழற்றினால் திங்கள் காலை நேரம், தேதி, கிழமை எல்லாம் திருத்த வேண்டும்.

எக்கோ டிரைவில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. டயலுக்கு அடியில் சூரிய மின்கலம், ஜன்னல் வெளிச்சமே போதும். முழுதாகச் சார்ஜ் ஆனால் சாதாரண மாடலே இருட்டில் ஆறு மாதம் ஓடும், மாதத்துக்கு 15 நொடிதான் முன்பின் ஆகும். சார்ஜ் குறைந்தால் நொடி முள் இரண்டு நொடிக்கு ஒரு தடவை தாவும், வெளிச்சத்தில் வை என்று அது கேட்கிற விதம் அது. இவ்வளவு யோசித்துச் செய்த சாமானுக்கு, சீக்கோவுக்குக் கிடைக்கிற பேச்சில் பாதிகூட இல்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

தண்ணீர் விஷயத்திலும் சிட்டிசன் பக்கம்தான் நிற்பேன். சீக்கோவின் பழைய எஸ்கேஎக்ஸ் மாடல் 200 மீட்டர் தாங்கும் அசல் டைவர் வாட்ச், அதாவது கடலில் மூழ்குகிறவர்களுக்கானது. அதை நிறுத்திவிட்டு, 2019-இல் அதே முகத்தோடு வந்த 5 ஸ்போர்ட்ஸ் 100 மீட்டர்தான், பக்கவாட்டுச் சாவியும் தண்ணீர் புகாதபடி திருகி மூடுகிற வகை இல்லை. சிட்டிசன் ப்ரோமாஸ்டர் டைவர் இன்றும் 200 மீட்டர், அதுவும் சூரிய ஒளியில்.

கேசியோ ஜி-ஷாக் எங்கே என்பீர்கள். அது அடி, உதைக்கு 1983-இல் பிறந்த தனி ஜாதி, இந்தப் போட்டியில் சேர்க்க முடியாது.

ஒரே ஒரு வாட்ச்தான், தினமும் வேலைக்குக் கட்ட வேண்டும் என்றால் யோசிக்காமல் எக்கோ டிரைவ் வாங்குங்கள். வீட்டில் ஏற்கனவே ஒன்று இருக்கிறது, இயந்திரம் ஓடுவதைப் பார்க்க ஆசை என்றால் சீக்கோ 5.