ஈசிஎம் போச்சு என்று சொல்லும் முன் அளந்து பார்க்கும் கடை, மாதவரம்

மாதவரத்தில் ஜிஎன்டி சாலையை விட்டு உள்ளே திரும்பினால், லாரி பட்டறைகளுக்கு நடுவில் ஒற்றை ஷட்டர் போட்ட சின்னக் கடை. பொலேரோ பிக்கப், யோதா, இன்ட்ரா, தோஸ்த் மாதிரி 12 வோல்ட் டீசல் லோடு வண்டிகளின் ஈசிஎம், அதாவது இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர் வேலை மட்டும் எடுக்கிறார்கள். வண்டி வந்ததும் ஈசிஎம்மைக் கழற்றுவதில்லை. அது நல்லா இருக்கிறதா என்று பார்க்கவே முதல் ஒரு மணி நேரம் போகிறது. இந்தக் கடைக்கு வண்டியை ஓட்டியோ கட்டி இழுத்தோ போகலாம் என்று சொல்ல இந்த ஒரு பழக்கமே போதும்.

செல்ஃப் அடிக்குது, ஸ்டார்ட் ஆகல, ஸ்கேனர் போட்டா பேசல. மூன்றும் சேர்ந்தால் பல இடங்களில் உடனே வரும் பதில், 'ஈசிஎம் அவுட், மாத்திடுங்க'. ஆனால் கரண்ட் போகாத ஈசிஎம்மும் செத்த ஈசிஎம் மாதிரியேதான் ஊமையாக இருக்கும். ஸ்கேனரில் யு0100 என்ற பழுதுக் கோடு வந்தாலும் அதற்கு அர்த்தம் 'ஈசிஎம்மோடு பேச முடியவில்லை' என்பது மட்டும்தான்.

முதலில் 16 பின் ஸ்கேனர் சாக்கெட். 16ஆம் பின்னுக்கும் 4ஆம் பின்னுக்கும் நடுவில் பேட்டரி வோல்ட் வருகிறதா என்று பார்க்கிறார்கள். பிறகு பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு 6க்கும் 14க்கும் நடுவில் ஓம் அளவு. ஸ்கேனரும் ஈசிஎம்மும் பேசிக்கொள்ளும் இரண்டு ஒயர் லைன் (கேன்) இது. லைனின் இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருப்பதால், நல்ல லைன் 60 காட்டும். 120 காட்டினால் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு ஒயரும் எங்கோ உரசி ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஐந்து நிமிட வேலை இது, பல பட்டறைகளில் செய்வதில்லை.

அடுத்து நடப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஈசிஎம் கப்ளரைக் கழற்றி, சப்ளை பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவில் 21 வாட் இண்டிகேட்டர் பல்பைப் பிடிக்கிறார்கள். மெயின் ரிலே வழியாக வரும் சப்ளை என்றால், ரிலேயைக் கையால் ஜம்ப் போட்டுவிட்டுப் பிடிக்கிறார்கள். ஈசிஎம்தான் அந்த ரிலேயை இழுக்கும் என்பதால் கப்ளர் கழன்றிருக்கும்போது அது தானாக ஆன் ஆகாது. மீட்டர் மட்டும் வைத்தால் ஏமாந்துபோவோம். ஒயருக்குள் ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் மீட்டர் 12.4 வோல்ட் என்று அழகாகக் காட்டும். பல்பு போட்டதும் வெளிச்சம் மங்கிவிடும். அந்த மங்கல்தான் குறை. எர்த் பக்கமும் விடுவதில்லை. கப்ளரை மாட்டி, பின்னாலிருந்து ஊசி முனை வைத்து, செல்ஃப் அடிக்கும்போது ஈசிஎம் எர்த்துக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவில் அளக்கிறார்கள். 0.1 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் போல்ட்டைக் கழற்றிச் சுரண்டிவிட்டுத்தான் அடுத்த வேலை.

காசிமேட்டில் மீன் லோடு ஏற்றும் வண்டிகளில் இந்த எர்த் குறைதான் நிறைய. ஐஸ் கரைந்து உப்புத் தண்ணீர் சேஸிஸில் வழிகிறது. போல்ட்டுக்கு அடியில் துரு, கப்ளருக்குள் பச்சை பூத்த பின்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் மூழ்கி, காயவைத்து ஓட்டிய வண்டிகளிலும் இதே கதைதான்: அன்று ஓடியிருக்கும், மாதங்கள் கழித்து கப்ளர் பின்கள் அரித்துப்போய் வண்டி நிற்கும்.

மூன்றாவது, 5 வோல்ட் லைன். சென்சார்களுக்கு ஈசிஎம் கொடுக்கும் சப்ளை இது. ஒரு சென்சார் உள்ளே ஷார்ட் ஆனால் அந்த லைன் முழுக்க இறங்கி, அதில் இருக்கும் மற்ற சென்சார்களும் பொய் சொல்லும். இந்த 5 வோல்ட் குறையைச் சொல்லும் பி0641 அல்லது பி0651ஓடு நாலைந்து கோடு ஒரே நேரத்தில் வந்தால், சென்சார் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி 5 வோல்ட் எப்போது திரும்புகிறது என்று பார்க்கிறார்கள். திரும்பிவிட்டால் மாற்ற வேண்டியது ஒரு சென்சார்தான்.

உண்மையிலேயே செத்த ஈசிஎம்மும் வருகிறது. சப்ளையும் எர்த்தும் சரியாக இருந்தும் ஈசிஎம்முக்குள்ளேயே குறை என்று சொல்லும் பி0606 அல்லது பி0601 கோடு அழித்த பிறகும் திரும்பி வந்தால் சந்தேகப்படலாம். இந்தப் பக்கத்தில் ஈசிஎம் சாவதற்கு முக்கியமான காரணம், பேட்டரி இறங்கிய பிக்கப்புக்கு டிரெய்லரிலிருந்து ஜம்ப் கொடுப்பது. மணலி எக்ஸ்பிரஸ் ரோட்டில் வரிசையில் நிற்கும் டிரெய்லர்கள் 24 வோல்ட். 12 வோல்ட் ஈசிஎம் போர்டு அதைத் தாங்காது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அடுத்தது, பேட்டரி மைனஸையும் ஈசிஎம் கப்ளரையும் கழற்றாமல் பாடியில் வெல்டிங் வைப்பது.

மாற்றும் வேலையில் இவர்கள் கை சுத்தம். ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணை முதலில் பொருத்திப் பார்க்கிறார்கள். பாஷ் டீசல் ஈசிஎம் என்றால் 0281இல் தொடங்கும் எண்ணும், அதோடு வண்டி கம்பெனியின் எண்ணும். புதுப்பேட்டையில் வாங்கிவந்த ஈசிஎம் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருந்தாலும் பிஎஸ் 4, பிஎஸ் 6 (புகை விதி) மாறிப்போகும். எண் ஒத்துவராவிட்டால் மாட்ட மாட்டார்கள். பழைய போர்டைப் படிக்க முடிந்தால் அதன் மெமரி சிப்களான ஃபிளாஷ், இஇபிராம் இரண்டிலும் உள்ளதை அப்படியே புதியதில் ஏற்றுகிறார்கள். சாவியை அடையாளம் காணும் இம்மொபிலைசர் தகவலும், ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் உரிய அளவைச் சொல்லும் இன்ஜெக்டர் கோடும் கூடவே வந்துவிடும், சாவியைத் திரும்பப் பதிய வேண்டியதில்லை. படிக்கவே முடியாவிட்டால், இன்ஜெக்டர் தலையில் பொறித்திருக்கும் கோடுகளைத் துடைத்துப் பார்த்து, எந்த சிலிண்டரில் எது இருக்கிறது என்று ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். மாற்றி ஏற்றினால் ஐடிலில் வண்டி உதறும், புகை தள்ளும்.

புது போர்டை மாட்டும் முன் இரண்டு விஷயம் பார்க்கிறார்கள், இரண்டுக்கும் பாராட்டு. ஒன்று, இன்ஜெக்டர் காயிலும் அதன் ஒயரும் பாடியில் ஷார்ட் ஆகிறதா. பழைய போர்டில் இன்ஜெக்டரை இயக்கும் டிரைவர் சர்க்யூட்டை எரித்தது அதுதான் என்றால் புதியதையும் எரிக்கும். இரண்டு, ஆல்டர்னேட்டர் சார்ஜிங். 14.5 வரை சரி, 15க்கு மேல் போனால் ரெகுலேட்டர் மாற்றாமல் ஈசிஎம் கொடுப்பதில்லை. ஃபைல் ஏற்றும் நேரம் முழுக்க பேட்டரிக்கு சப்போர்ட் சார்ஜர் மாட்டியிருக்கும். பாதியில் வோல்ட் இறங்கினால் போர்டே வீணாகிவிடும்.

புகையைக் குறைக்கும் டிபிஎஃப் (சைலன்சர் லைனில் கரி வடிகட்டி), ஈஜிஆர் (புகையைத் திரும்ப இன்ஜினுக்கு விடும் வால்வு) இரண்டையும் வேலை செய்யாமல் அடைக்கும் சாஃப்ட்வேர் (மேப்) கேட்டால் முடியாது என்கிறார்கள். பிஎஸ் 6 வண்டியில் அது சட்டத்துக்கும் விரோதம், எஃப்சியிலும் மாட்டும். அவர்கள் பிடிவாதம் சரிதான்.

குறைகளும் உண்டு. கூரை ஷட்டரோடு முடிகிறது. மழையில் தெருவில் தார்ப்பாய் கட்டி அதன் கீழ் ஈசிஎம்மைத் திறப்பது எந்த வகையிலும் சரியில்லை, அந்த நாளில் போகாதீர்கள். பழைய ஈசிஎம் போட்டால் வாரண்டி வாய்வார்த்தைதான். பில்லில் 'ஈசிஎம் வேலை' என்று ஒரே வரி. மாட்டிய ஈசிஎம்மின் எண்ணையும் வாரண்டி நாளையும் எழுதச் சொல்லி நின்று வாங்க வேண்டும், கேட்டால் எழுதித் தருகிறார்கள். பார்ப்பதற்குத் தனிக் கூலி உண்டு, ஈசிஎம் நல்லா இருந்தாலும். அதைக் கொடுக்கலாம்.

போகும்போது இரண்டு சாவியும் ஆர்சியும் எடுத்துப் போங்கள். கழற்றிய ஈசிஎம்மைக் கடையில் விட்டுவராதீர்கள். படித்தெடுத்த ஃபைலை ஒரு பென்டிரைவில் போட்டுத் தரச் சொல்லுங்கள். அடுத்த முறை போர்டு போனால் சாவி, இன்ஜெக்டர் கோடு எல்லாம் அதிலிருந்தே எடுக்கலாம்.