ஸ்பேடு ஒன்பது யாருக்குக் கெட்டது? சாதாச் சீட்டுக்கட்டு, லெனோர்மண்ட், டாரட்: ஓர் ஒப்பீடு

ஸ்பேடு ஒன்பதை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாச் சீட்டுக்கட்டில் குறி பார்க்கும் ஆங்கிலேய மரபில் கட்டிலேயே மோசமான சீட்டு இதுதான். நோய், நஷ்டம், துக்கச் செய்தி எல்லாம் இதன் தலையில். லெனோர்மண்ட் என்ற பெயரில் விற்கும் 36 சீட்டுக் கட்டில் இதே ஸ்பேடு ஒன்பதில் ஒரு நங்கூரம் வரைந்திருக்கும். அதற்குப் பொருள் உறுதி, நிலைத்த வேலை. டாரட் என்ற இன்னொரு குறிக் கட்டில் ஸ்பேடுக்கு ஈடாக வைக்கப்படும் வாள் வரிசையின் ஒன்பதில், நடு இரவில் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்ட ஓர் உருவம்.

நாளை நடக்கப்போவது சீட்டுக்குத் தெரியும் என்ற நம்பிக்கை எனக்குக் கிடையாது. ஆகவே எது 'பலிக்கும்' என்பதல்ல இங்கே பேச்சு. மூன்று கட்டும் குறி சொல்பவரிடம் வெவ்வேறு வேலை வாங்குகின்றன. அதில் எது சுவையானது, எது நேர்மையானது என்பதுதான் கேள்வி.

முதலில் ஒரு தப்பெண்ணம். டாரட்தான் ஆதி, சாதாக் கட்டு அதன் ஏழைப் பங்காளி என்று பலர் நினைக்கிறார்கள். ஐரோப்பாவுக்குச் சீட்டுக்கட்டு மம்லுக் சுல்தான்கள் ஆண்ட எகிப்து வழியாக 14ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. டாரட் அடுத்த நூற்றாண்டில், வட இத்தாலியில், அதுவும் விளையாடுவதற்காகப் பிறந்தது. குறி சொல்வதிலும் சாதாக் கட்டு பின்தங்கவில்லை. பிரான்ஸில் அலியெத் என்பவர் தன் பெயரைத் திருப்பிப் போட்டு 'எத்தெய்லா' ஆகி, சீட்டுக்குச் சீட்டு பலன் சொல்லும் கையேட்டை 1770இல் வெளியிட்டார். அதற்கு அவர் எடுத்தது பிக்கெட் ஆட்டத்தின் 32 சீட்டுகளைத்தான். டாரட் எகிப்தியப் பூசாரிகளின் ரகசிய ஞானம் என்று பிரெஞ்சு அறிஞர் கூர் த ஜெப்லான் எழுதியது 1781இல். எகிப்திய எழுத்தை ஷாம்போலியோன் படித்துக் காட்ட இன்னும் 41 ஆண்டுகள் பாக்கி. அவ்வளவு தைரியம் ஜெப்லானுக்கு! எத்தெய்லாவும் அதற்குப் பிறகுதான் டாரட் பக்கம் திரும்பினார்.

சாதாக் கட்டில் பார்க்கும் விதத்துக்கு வருவோம். 52இல் இரண்டு முதல் ஆறு வரை உள்ள இருபதைக் கழித்தால் 32. பிரெஞ்சு மரபு இதோடு நிற்கும், ஆங்கிலேயர் 52ஐயும் வைத்துக்கொள்வார்கள். ஆர்ட்டின் காதலும் வீடும், ஸ்பேடு தொல்லை என்பதில் பெரிய தகராறு இல்லை. பணம் எங்கே என்றால் தகராறு தொடங்கும். ஆங்கிலேயருக்கு அது டைமன், பிரெஞ்சு மரபில் பெரும்பாலும் கிளாவர். ஆர்ட்டின் ஒன்பது நினைத்தது நடக்கும் சீட்டு என்பது ஆங்கில மரபில் ஏறக்குறைய சட்டம்.

ராஜா, ராணி, ஜாக்கி மூவரும் மனிதர்கள். யார் எந்த மனிதர் என்பதை முடி நிறத்தை வைத்து முடிவு செய்வார்கள்: பொன்னிற முடி என்றால் டைமன், கொஞ்சம் மங்கலானால் ஆர்ட்டின், பழுப்பு கிளாவர், கறுப்பு ஸ்பேடு. இந்தக் கணக்கை மதுரையில் போட்டுப் பாருங்கள். குறி கேட்க வந்தவர், அவர் மாமியார், வரப்போகும் மாப்பிள்ளை, கடன் கொடுத்தவர் எல்லோரும் ஸ்பேடில் வந்து நிற்பார்கள், மற்ற மூன்று வரிசையின் அரச குடும்பங்களும் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும். நம் ஊரில் இதைச் செய்பவர்கள் வயதையோ தொழிலையோ வைத்துப் பிரித்துக்கொள்வதுதான் வழி.

தலைகீழ்ச் சீட்டுக்குத் தனிப் பலன் உண்டு என்பது எத்தெய்லாவின் ஏற்பாடு. இன்றைய கட்டில் அது சிக்கல். படச் சீட்டுகள் எல்லாம் இருபுறமும் தலை உள்ளவை. டைமன் வடிவம் எப்படித் திருப்பினாலும் ஒன்றுபோலவே இருக்கும். 52இல் நேர், தலைகீழ் என்று பார்த்ததும் பிரிக்க முடிவது 22 மட்டுமே: ஆர்ட்டின், கிளாவர், ஸ்பேடு மூன்றிலும் ஏஸ், 3, 5, 6, 7, 8, 9, கூடவே டைமன் ஏழு. 32 சீட்டுக் கட்டில் இது 13 ஆகச் சுருங்கும். அதனால்தான் பழைய கையேடுகள் சீட்டின் ஒரு முனையில் பென்சிலால் குறி வைக்கச் சொல்கின்றன. சீட்டாடப் போகும் கட்டில் இந்த வேலையைச் செய்தால் என்ன பெயர் கிடைக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

லெனோர்மண்டின் கதை இன்னும் வேடிக்கை. மேரி ஆன் லெனோர்மண்ட் நெப்போலியன் காலத்துப் பாரீஸின் பெயர்பெற்ற குறிகாரி. அவர் 1843இல் இறந்த பிறகு, அவர் பெயரை ஒட்டி விற்பனைக்கு வந்தது இந்தக் கட்டு. இதன் மூல வடிவம், நியூரம்பெர்க்கைச் சேர்ந்த ஹெக்டெல் 1799 வாக்கில் உருவாக்கிய ஒரு தாய விளையாட்டு. 36 சீட்டுகளையும் ஆறுக்கு ஆறாகப் பரப்பி, தாயக்கட்டை உருட்டிக் காய் நகர்த்த வேண்டும். கப்பல், வீடு, சாட்டை, சவப்பெட்டி என்று ஒவ்வொன்றிலும் ஒரு படம், மூலையில் ஒரு சாதாச் சீட்டு.

அந்த மூலைச் சீட்டுகளில்தான் சங்கடம். சாதாக் கட்டில் சாவைக் காட்டுவதாகப் பேர் வாங்கிய ஸ்பேடு ஏஸ் இங்கே வெறுமனே 'பெண்', குறி கேட்பவள். சவப்பெட்டி டைமன் ஒன்பதுக்குப் போய்விட்டது. மலை, எலி, நரி, பாம்பு, சிலுவை என்று தொல்லைச் சீட்டுகளில் பெரும்பகுதி கிளாவரில். ஒரு கட்டில் பழகிய கை இன்னொன்றுக்கு மாறினால் தடுமாறுவது நிச்சயம். ஆனால் லெனோர்மண்டுக்கு ஓர் அருமையான குணம் உண்டு. 'பெரிய பரப்பு' என்ற முறையில் 36 சீட்டும் மேசைக்கு வந்துவிடும். ஆக 'கெட்ட சீட்டு வந்துவிட்டதே' என்ற பதற்றத்துக்கு இடமில்லை, அது எப்போதும் வரும். ஆண், பெண் சீட்டுகளுக்கு அது எவ்வளவு பக்கம் என்பதே பேச்சு. சாதாக் கட்டில் மூன்று சீட்டு எடுத்தால் ஒரு ஸ்பேடாவது விழுவதற்கு ஏறத்தாழ 59 சதவீத வாய்ப்பு. வந்தவரின் முகம் வாடுவதற்கு இந்தக் கணக்கே போதும்.

டாரட்டைப் பற்றி வேண்டிய அளவு எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். 78 சீட்டு, அதில் 22 எந்த வரிசையிலும் சேராத பெரிய படச் சீட்டுகள். ஆர்தர் வெய்ட் என்பவர் திட்டமிட்டு 1909இல் லண்டனில் வெளியான கட்டுக்குப் பமீலா கோல்மன் ஸ்மித் படம் வரைந்தார். எண் சீட்டுகளிலும் முழுக் காட்சிகளைத் தீட்டினார். அதற்கு முன் பரவலாக இருந்த கட்டுகளில் வாள் ஒன்பது என்றால் ஒன்பது வாள், அவ்வளவே. படம் வந்தபின் மனப்பாடம் குறைந்தது. பார்த்ததும் ஏதாவது சொல்ல வரும். நம் கிளி ஜோசியக்காரருக்கும் இந்த வசதி உண்டு. கிளி எடுத்துத் தரும் சீட்டில் முருகனோ லட்சுமியோ இருந்தால் பாதிப் பேச்சு அதுவே பேசிவிடும்.

எனக்கு டாரட் மேல் உள்ள குறையும் இதுதான். 'உள்ளுக்குள் ஒரு மாற்றம் தொடங்கியிருக்கிறது' என்று ஒருவரிடம் சொன்னால் அது எப்படிப் பொய்யாகும்? 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் 39 மாணவர்களுக்கு, தனித்தனியாக எழுதியது என்று சொல்லி ஒரே குணச் சித்திரத்தைக் கொடுத்தார். பெரும்பாலும் கடையில் வாங்கிய ஜோதிடப் புத்தக வரிகள். மாணவர்கள் ஐந்துக்குச் சராசரியாக 4.26 மதிப்பெண் போட்டார்கள். இன்றைய டாரட் பேச்சு பெரும்பாலும் அந்த ரகம். சாதாக் கட்டின் பலன்களோ சில்லறையானவை: கடிதம் வரும், பயணம் தள்ளிப்போகும், கறுத்த முடிக்காரி ஒருத்தி புறம் பேசுவாள், பத்து நாளில் பணம். பத்து நாள் கழித்துப் பணம் வரவில்லையென்றால் குறி சொன்னவர் மாட்டிக்கொண்டார். லெனோர்மண்டும் இந்தப் பக்கம்தான்.

மனதில் இருப்பதைப் பேச ஒரு சாக்கு வேண்டும் என்பவர்கள் டாரட் வாங்கலாம், படங்களும் அழகு. சீட்டுகளை நான்கு வரிசையாகப் பரப்பி நிதானமாகப் புதிர் அவிழ்க்கப் பிடித்தவர்களுக்கு லெனோர்மண்ட். மழை நாளில் நாலு பேர் கூடி, சொன்னது பொய்த்தால் கிண்டலடித்துச் சிரிக்க வேண்டுமென்றால் பெட்டிக்கடைச் சீட்டுக்கட்டை மிஞ்சியது இல்லை. என் தேர்வு அதுதான், 32 சீட்டோடு, தலைகீழ்ப் பலன் இல்லாமல். காசு வாங்கிக்கொண்டு ஸ்பேடுக்குப் பரிகாரமும் சொல்ல ஆரம்பிப்பவர் எந்தக் கட்டை வைத்திருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.