பாடவாரியாகவா, பால்மரத்தை வைத்தா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், தமிழ்ப்பள்ளி நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வாரத்தை இரண்டு விதமாக நடத்தலாம்.

வழக்கமான கால அட்டவணையில் தமிழ், மலாய், ஆங்கிலம், கணிதம், அறிவியல், வரலாறு எல்லாம் தனித்தனி. எதுவும் விடுபடாது, மாற்று ஆசிரியர் வந்தாலும் எந்தப் பக்கம் என்று தெரியும். ஆனால் திங்களன்று படித்ததற்கும் வியாழனன்று படித்ததற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இன்னொன்று, வாரம் முழுக்க ஒரே கருப்பொருள். பால்மரத்தை, அதாவது ரப்பர் மரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் பாலில் பார்மிக் அமிலம் விட்டால் உறைவதை அறிவியலில் ஆசிரியர் செய்து காட்டலாம். கணிதத்தில், மரத்தில் பால் வடியும் மங்கு ஒன்றுக்கு 150 மில்லிலிட்டர் என்றால் 40 மரத்துக்கு எத்தனை லிட்டர்? வரலாற்றுக்கு வெகுதூரம் போக வேண்டாம்: 1877இல் நட்ட மரம் பக்கத்துக் கோலகங்சாரில் இன்னும் நிற்கிறது. தமிழுக்கு, பால்மரம் சீவிய பாட்டியிடம் ஒரு பேட்டி. இப்போது எங்கும் செம்பனை. பல பிள்ளைகள் மரம் சீவுவதைப் பார்த்ததே இல்லை. பாட்டிகள்தான் பாடநூல்!

இலக்கணமும் வாய்பாடும் மட்டும் இதில் அடங்காது. இழுத்துப் போட்டால் இரண்டும் கெடும். ஆறாம் ஆண்டு முடிவில் எழுதும் யூ.பி.எஸ்.ஆர். தேர்வை 2021இல் எடுத்துவிட்டார்கள், வகுப்பறையிலேயே ஆசிரியர் செய்யும் மதிப்பீடு இருக்கிறது. அதில் அந்தப் பேட்டியையும் சேர்த்துக்கொள்ளலாம். சரி, நானாக இருந்தால் மாதத்தில் ஒரு வாரம் ரப்பர், மற்ற மூன்றும் அட்டவணை.