தொழிலாளர் சட்டப் பயிற்சி தருகிறோம் என்று போன் வந்தால் கொஞ்சம் உஷார்

மலையில் தேயிலை ஃபேக்டரி, லாட்ஜ், ரிசார்ட் நடத்துகிறவர்களுக்கும் அங்கே ஆபீஸ் பார்க்கிறவர்களுக்கும் இது. "சூப்பர்வைசர்களுக்குத் தொழிலாளர் சட்ட அடிப்படைப் பயிற்சி, ஒரே நாளில் சான்றிதழ்" என்று கீழே கோவையிலிருந்து ஒரு நிறுவனம் போன் போட்டுக்கொண்டே இருக்கிறது. பெயர் போடவில்லை, வக்கீல் நோட்டீஸுக்குப் பதில் எழுத எனக்கு நேரமில்லை.

எங்களுடையது கோத்தகிரி பக்கம் பச்சை இலை வாங்கி அரைக்கிற ஃபேக்டரி. ஜனவரியில் உறைபனி விழுந்து இலை வரத்து குறைந்திருக்கும், ஆட்களை ஒரு நாள் உட்காரவைக்கலாம் என்று முதலாளி தலைக்கு 2,500 ரூபாய் முன்கூட்டியே கட்டிவிட்டார். குன்னூரில் ஒரு ஹாலில் வகுப்பு. வந்தவர் நன்றாகத்தான் பேசினார், சாப்பாடும் மோசமில்லை. ஆனால் விடுமுறைப் பட்டியல் ஸ்லைடில் நவம்பர் 1, கன்னட ராஜ்யோத்சவம்! கர்நாடகாவுக்குத் தயாரித்ததை அப்படியே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். நமக்கு ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, கூட 5 பண்டிகை நாள். 29 மத்தியத் தொழிலாளர் சட்டங்களை 4 தொகுப்புகளாக்கி 2025 நவம்பர் 21 முதல் அமலுக்குக் கொண்டுவந்ததைப் பற்றி மூச்சே விடவில்லை.

அது போகட்டும். மகப்பேறு விடுப்பு 12 வாரம் என்றார். 2017-லேயே இரண்டு குழந்தைகள் வரை 26 வாரமாகிவிட்டது. தினக்கூலி ஆட்களுக்கு அது கிடையாது என்று வேறு சேர்த்துக்கொண்டார், டெல்லி மாநகராட்சி வழக்கில் தினக்கூலிப் பெண்களுக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2000-ல். சலிக்கும் பகுதி சூப்பர்வைசர் இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு வந்து, ஆறு மாதக் கர்ப்பிணி ஒருவரிடம் "லீவுச் சம்பளமெல்லாம் உனக்குக் கிடையாதும்மா, இப்ப நின்னுட்டு அப்புறம் புதுசா சேர்ந்துக்கோ" என்று சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் அந்தப் பெண்ணுடைய அண்ணன் யூனியன் ஆட்களோடு ஆபீஸ் வாசலில் நின்றார். 26 வாரம், சம்பளத்தோடு என்று முதலாளி கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகுதான் கலைந்தார்கள். சூப்பர்வைசரைத் திட்டி என்ன செய்வது, நாங்கள் காசு கட்டி அனுப்பிய இடத்தில் கற்றுக்கொண்டு வந்ததைத்தானே சொன்னார்.

எனக்கு ரொம்பக் கோபம் வந்தது இன்னொன்றில். பாலியல் தொல்லைப் புகார் வந்தால் ஷிஃப்டிலேயே இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசி முடித்துவிடுங்கள், பேப்பரில் எதுவும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். 2013 சட்டப்படி 10 பேர் வேலை செய்தாலே உள்ளகக் குழு இருக்க வேண்டும், பெண்தான் தலைமை, வெளியிலிருந்து ஒருவர் இருக்க வேண்டும், விசாரிப்பது அவர்கள் வேலை, சூப்பர்வைசர் வேலை இல்லை. புகார் கொடுத்தவரே கேட்டால்தான் சமரசம், அதிலும் பணத்தை வைத்து முடிக்கக் கூடாது. இவர் சொன்னபடி நடந்திருந்தால் எங்கள் நிலைமை என்ன ஆகியிருக்கும்! ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் தராமல் ஒரு நாள் லீவு கொடுத்துச் சரிக்கட்டலாம், சேரும்போதே வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்பதெல்லாமும் அந்த வகுப்புச் சரக்குதான்.

சான்றிதழில் மூன்று சிங்கம். தனியார் நிறுவனம் அரசு முத்திரையை இப்படிப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று 2005-லேயே சட்டம் இருக்கிறது, சட்டம் சொல்லித் தருகிறவருக்கு அதுவே தெரியவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். பாதி விலையில் இன்னொரு வகுப்பு எடுக்கிறோம் என்கிறார்கள்! சீசனுக்கு முன்னால் ஊட்டி லாட்ஜ்களுக்கும் இதே போன் போவதாகக் கேள்வி. போன் வந்தால் ஸ்லைடுகளை முதலில் அனுப்பச் சொல்லுங்கள், மகப்பேறு விடுப்பு எத்தனை வாரம் என்று போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள், குன்னூர் தொழிலாளர் துறை அலுவலகத்தில் ஒரு முறை காட்டிவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள்.